பாட்டு முன்னே, படம் பின்னே: மியூசிக் வீடியோ கேள்வி பதில்

கேள்வி: பாட்டில் மழை என்று வந்தால் மழையைக் காட்டியே ஆகணுமா?

பதில்: வேண்டாம். காது வாங்கியதையே கண்ணுக்கும் கொடுத்தால் இரண்டாவது சரணத்துக்குள் சலித்துவிடும். வரியை விட்டு இசையைப் பிடியுங்கள். கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசை இரட்டையரின் 'ஸ்டார் கிடார்' (2002) பாட்டுக்கு மிஷெல் கோண்ட்ரி இயக்கிய வீடியோவில் இருப்பதெல்லாம் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சிதான். ஆனால் கம்பம், கட்டடம் என்று கடந்துபோகும் ஒவ்வொன்றும் பாட்டின் ஏதோ ஒரு ஓசையோடு பொருந்தி வரும். கதையே கிடையாது, ஆனாலும் பாட்டு கட்டப்பட்ட விதம் கண்ணில் படும்.

கேள்வி: ஆள் ஸ்லோமோஷனில் நடக்கிறார், வாயசைவு மட்டும் பாட்டோடு ஒட்டி வருகிறது. எப்படி எடுக்கிறார்கள்?

பதில்: வீடியோ நொடிக்கு 24 ஃபிரேம் (படம்) என்றால் கேமராவை 48-ல் வையுங்கள், ஷட்டர் வேகம் 1/100 நொடி. ஸ்பாட்டில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுபவரை அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லுங்கள். எடுத்ததை 24-ல் ஓட்டினால் உதடு பாட்டின் வேகத்துக்கு வந்துவிடும். தலைமுடியும் துணியும் பாதி வேகத்தில் மிதக்கும்.

வேகம் கூட்டிய பாட்டை முதல் நாளே தனி ஃபைலாகப் போட்டு வையுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டணும். இல்லாவிட்டால் கீச்சுக்குரலில் வார்த்தையே பிடிபடாது. பாட்டு ஏற்கெனவே வேகமானது என்றால் வாய் ஈடுகொடுக்காது. 36 ஃபிரேம், ஒன்றரை மடங்கு, அதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பல்லவியில் பொருந்தும் உதடு கடைசிச் சரணத்தில் விலகுகிறதே?

பதில்: முதலிலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் கிளிப்பை நகர்த்தினால் போதும். போகப் போகக் கூடினால் ஃபிரேம் ரேட் கோளாறு. 23.976-ல் எடுத்த கிளிப்பை எடிட்டில் 24 என்று மாற்றி வைத்தால் 0.1 சதவீதம் வேகமாக ஓடும். 4 நிமிடப் பாட்டில் அது கால் நொடி, கிட்டத்தட்ட 6 ஃபிரேம். கிளிப்பை வரிக்கு வரி வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். கிளிப், டைம்லைன் இரண்டின் ரேட்டையும் சரிபாருங்கள். ஷூட்டிங்குக்குப் பிறகு பாட்டின் டெம்போவை மாற்றியிருந்தால் எடிட்டரைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: பீட்டுக்கு பீட் கட் போடலாமா?

பதில்: பத்து நொடிக்கு நன்றாக இருக்கும், அப்புறம் அடுத்த கட் எங்கே என்று பார்ப்பவரே சொல்லிவிடுவார். 24 ஃபிரேம் வீடியோவில் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) என்றால் பீட்டுக்கு 12 ஃபிரேம், கச்சிதம். 100 என்றால் 14.4, பதினாலு பதினாலாக எண்ணி வெட்டினால் பத்து பீட்டில் 4 ஃபிரேம் முந்திவிடும். எண்ணாதீர்கள், பாட்டை ஓடவிட்டு மார்க்கர் போடுங்கள். கட் விழும் இடத்தை பீட்டுக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வைத்தும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் உறுத்தாது.

கேள்வி: வீடியோவுக்காகப் பாட்டை நீட்டலாமா?

பதில்: தாராளமாக. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1983) வீடியோ கிட்டத்தட்ட 14 நிமிடம், ஆல்பத்தில் அந்தப் பாட்டு 6 நிமிடம்தான். நீட்டுவதற்கு மிக்ஸ் செய்தவரிடம் குரல், தாளம், மற்ற வாத்தியம் என்று ஸ்டெம்களை (பிரித்த ஒலித்தடங்களை) தனித்தனியாக வாங்குங்கள். ஒரே ஸ்டீரியோ ஃபைலை வெட்டி நீட்டினால் ஒட்டின இடத்தில் ரிவர்ப் (ஒலி அடங்கும்போது நீளும் எதிரொலி) அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.