மகளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ

கேள்வி: ஜெர்மனிக்கு வந்து 6 வருசம், இப்ப டொய்ச் மொழியில பி1 எண்ட நடுமட்ட வகுப்புப் படிக்கிறன். கவலை, பயம், ஆத்திரம் இதுகளை டொய்ச்சில சொல்ல வகுப்பில பழக்கேல்ல. எனக்கு நித்திரை இல்லை, சும்மா இருக்க அழுகை வருது. டொக்டரிட்ட போனா 11 வயசு மகள்தான் எனக்காகக் கதைப்பா, இவர் கார்ல இருப்பார். கொஞ்ச வசனம் சொல்லித் தருவீங்களோ?

பதில்: வசனம் தாறன் தங்கச்சி, ஆனா முதல் ஏசவேணும். போற போக்கில மகளைப் பற்றி எழுதினீங்களே, நான் அதிலயே நிண்டுட்டன். அம்மா ராவில அழுறா எண்டு ஒரு பிள்ளை டொக்டருக்கு முன்னால இருந்து சொல்லுது, பிறகு வீட்ட வந்து ஹோம்வேர்க் செய்யுது, அது எப்பிடி நித்திரை கொள்ளும் எண்டு யோசிச்சனீங்களோ? அவ முழுசாச் சொன்னவ எண்டும் நம்பாதேங்கோ. பிள்ளைக்கு முன்னால சொல்லேலாததை நீங்கள் விழுங்கியிருப்பீங்கள், பயந்ததை அவ விழுங்கியிருப்பா, டொக்டருக்குப் போய்ச் சேந்தது வெறும் நித்திரைக் கதைதான்.

"மிர் கேட் எஸ் நிஷ்ட் கூட்", எனக்குச் சுகமில்லை எண்டு தொடங்குங்கோ, அதோட நிப்பாட்டினா தடிமன், காய்ச்சல் எண்டு நினைப்பினம். "இஷ் வைனெ ஃபீல்", நிறைய அழுறன். "இஷ் ஹாபெ ஆங்ஸ்ட்", பயமாக் கிடக்கு. "மிர் விர்ட் அலெஸ் சூ ஃபீல்", எனக்கு ஒண்டும் தாங்கேலாமக் கிடக்கு. எவ்வளவு காலமா எண்டு கட்டாயம் கேப்பினம், "ஸைட் ட்ரை மோனாட்டன்", மூண்டு மாசமா, உங்கட கணக்கைப் போடுங்கோ. கிராமர் பிழைச்சாப் பிழைக்கட்டும், வாய் வராட்டி பேப்பரில எழுதி நீட்டுங்கோ. சாகிற எண்ணம் வந்தா ஒருநாளும் மறைக்காதேங்கோ, "இஷ் வில் நிஷ்ட் மேர் லேபன்", எனக்கு இனி உயிரோட இருக்க விருப்பமில்லை எண்டு நேராச் சொல்லுங்கோ, அந்தரமெண்டா உடன அவசர நம்பர் 112க்கு அடியுங்கோ. ராவில ஆரோடையும் கதைக்கவேணும் போல இருந்தா டெலிஃபோன்ஸேல்ஸோர்கெ எண்ட ஆறுதல் சொல்லுற ஃபோன் சேவை இருக்கு, 0800 111 0 111, காசுமில்லை, பேரும் கேக்கமாட்டினம். சைக்கோதெரபிக்காரரை முதல் முறை பாக்க டொக்டரின்ர துண்டு தேவையில்லை, 116117 எண்ட நம்பருக்கு அடிச்சா டெர்மின், அதாவது போற நாளும் நேரமும், எடுத்துத் தருவினம்.

உங்கட மனுசன் காரைப் பூட்டிப்போட்டு உள்ள வரட்டும். பெண்சாதியின்ர அழுகை மகளுக்குத் தெரியலாம், அவர் மட்டும் கேக்கக் கூடாதோ? கலியாணம் கட்டினவர்தானே! வெக்கம், ஊர்ச்சனம் எண்டு சாட்டுச் சொல்லுவார், டொக்டர் வெளியில கதைக்கேலாது, சட்டம் விடாது. அவருக்கு டொய்ச் காணாட்டி வளர்ந்த ஒரு சிநேகிதியைக் கேளுங்கோ.

அடுத்த டெர்மினை பள்ளிக்கூட நேரத்தில எடுங்கோ, மகள் வரேலாத மாதிரி.