'ஃப்ரெஷ்': கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஃபங்க் இசை பற்றி எழுதிய கட்டுரையில், ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் ஆல்பங்களில் தங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது 1973-இல் வந்த 'ஃப்ரெஷ்' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்து சென்றிருந்தீர்கள். அந்த வரியை வைத்து நானும் நண்பர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வாதிட்டோம். பேஸ் கிட்டார் வாசித்த லேரி கிரஹாமும் டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிக்கோவும் போன பிறகு அது ஃபேமிலி ஸ்டோனே இல்லை என்பது என் கட்சி. 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ஆல்பத்தில் இருந்த கோபமும் இருளும் கலைந்து, விற்பனைக்கு ஏற்ற லேசான இசைக்குக் குழுத் தலைவர் ஸ்லை இறங்கிவிட்டார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. 'கே செரா செரா'வை அதில் சேர்த்தது சரக்குத் தீர்ந்துபோனதன் அடையாளம் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் இதை அடியோடு மறுக்கிறார். விந்தை என்னவென்றால், ஒரே பாடலைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் சொல்லும் இடங்கள் எனக்குக் கேட்பதில்லை. என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த குறுந்தகடு. அவரிடம் இருப்பது பின்னர் வந்த மறுபதிப்பு. தங்கள் ஒரு வரியைச் சற்று விரித்து எழுத முடியுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

ஒரு வரியில் சொல்லிக் கடந்தது என் பிழைதான். அந்த ஆல்பத்தோடு எனக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான உறவு இருக்கிறது. கல்லூரி விடுதியில் ஒரு நண்பர் இசைத்தட்டிலிருந்து பதிவுசெய்து கொடுத்த ஒலிநாடாவில் முதன்முதலாகக் கேட்டேன். அன்று பிடிக்கவில்லை. 1969-இல் வந்த 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அதே கொண்டாட்டத்தை எதிர்பார்த்து வந்தவனுக்கு இந்தப் பாடல்கள் மெலிந்தும் ஒதுங்கியும் நிற்பதாகத் தோன்றின. ஆகவே உங்கள் கட்சியில் நானும் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன்.

கிரஹாமைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். தாயாரின் பியானோவுக்குத் துணையாக வாசித்துவந்த இளைஞர், டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனபோது அந்தக் குறையை ஈடுகட்டக் கட்டைவிரலால் தந்தியை அடித்தும் இன்னொரு விரலால் சுண்டி இழுத்தும் பேஸ் கிட்டாரையே ஒரு தாளக் கருவியாக்கிய வரலாறு அது. இன்று உலகம் முழுவதும் பேஸ் வாசிப்பவர்கள் பயிலும் அந்த முறை அவர் விரலிலிருந்து வந்தது. கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் சம உரிமையோடு நின்று வாசித்த அந்தக் குழுவில், சிந்தியா ராபின்சனின் டிரம்பெட்டும் ஜெர்ரி மார்ட்டினியின் சாக்ஸபோனும் ஸ்லையின் தம்பி ஃபிரெடியின் கிட்டாரும் தங்கை ரோஸின் குரலும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பதில் சொல்லும்போது, அடியில் அவற்றைத் தாங்கியது கிரஹாமும் எரிக்கோவும் போட்ட அடித்தளம். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவில் விடியலுக்கு முந்தைய இருட்டில் பெருங்கூட்டத்தை எழுப்பி நிறுத்தியதும் அதுவே.

ஆனால் அந்தக் குழு எப்போது கலைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எரிக்கோ 1971-லேயே போய்விட்டார். நீங்கள் உயர்த்திப் பிடிக்கும் 'ரயட்' ஆல்பத்தின் பெரும்பகுதியை ஸ்லை தனியே அமர்ந்து, பெட்டித் தாளத்தின் (தாளம் போடும் இயந்திரத்தின்) மேல் கருவிகளைத் தாமே ஒவ்வொன்றாக வாசித்துச் சேர்த்து உருவாக்கினார். பாபி வொமாக், பில்லி பிரஸ்டன் போன்ற வெளியார் வந்து கைகொடுத்தார்கள். திரும்பத் திரும்ப அழித்துப் பதிந்ததில் நாடா தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போன்ற ஒலி அதற்கு வந்தது. குழு இல்லாமை ஒரு குறை என்றால் அந்தக் குறையின் உச்சம் 'ரயட்'. அதை அந்த ஆல்பத்தின் பெருமையாகக் கொள்பவர்கள், 'ஃப்ரெஷ்' என்று வந்ததும் அதையே குற்றமாக நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 'ஃப்ரெஷ்' ஆல்பத்தில் பேஸுக்கு ரஸ்டி ஆலனும் டிரம்ஸுக்கு ஆண்டி நியூமார்க்கும் புதிதாக வந்தார்கள். அதாவது, தனிமையில் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர் மீண்டும் மனிதர்களோடு வாசிக்கத் தொடங்கிய ஆல்பம் இது.

இனி முதல் பாடலுக்கு வருகிறேன், ஏனென்றால் என் முழு வழக்கும் அதில்தான் இருக்கிறது. 'இன் டைம்' தொடங்கும்போது பெட்டித் தாளம் டிக் டிக் என்று ஒரே சீராக ஓடுகிறது. மேஸ்ட்ரோ நிறுவனத்தின் 'ரிதம் கிங்' என்ற இயந்திரம் அது. உணவகங்களில் தனியாக ஆர்கன் வாசிப்பவர்கள் துணைக்கு வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அதன் மேல் நியூமார்க் நுழைகிறார். காலப்பிரமாணத்தைக் காக்கும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டதால் அவருக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விடுதலை கிடைக்கிறது. கையால் தாளம் போட ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும்போது மிருதங்கக்காரருக்குக் கிடைக்கும் சுதந்திரம் போன்றது அது என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். ஃபங்க் இசையின் இலக்கணப்படி சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், ஓங்கி விழ வேண்டும். ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் வகுத்த சட்டம் அது. நியூமார்க் அந்தச் சமத்தை நம் நினைவில் நிறுத்திவிட்டு, அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக அடிகளை வைக்கிறார். நாம் அடி விழும் என்று காத்திருக்கும் இடத்தில் வெறும் கார்வை இருக்கிறது. காத்திருக்காத இடத்தில் ஸ்நேர் டிரம்மின் அடி வந்து விழுகிறது. கிட்டார், ஆர்கன், பித்தளைக் கருவிகள், குரல் எல்லாமே இரண்டு மூன்று சுரங்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. எதுவும் முழு வாக்கியம் பேசுவதில்லை. ஆனாலும் அந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்து இடைவிடாத ஓர் உரையாடலாகக் கேட்கின்றன.

நீங்கள் 'லேசானது' என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். லேசாக இருப்பது உண்மைதான், ஆனால் எடையைக் குறைத்து அந்த இடத்தில் வேறு எதை வைத்தார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ ஒலிப்பதிவுக் கலை பற்றிய ஓர் உரையில் இந்த ஆல்பத்தை ஒரு திருப்புமுனையாகச் சுட்டியிருக்கிறார். அதுவரை மெட்டைத் தாங்கப் பின்னால் நின்ற பேஸும் பேஸ் டிரம்மும் இந்த ஆல்பத்தின் ஒலிக்கலவையில் (மிக்ஸிங்) திடீரென்று முக்கியக் கருவிகளாகிவிட்டன என்பது அவர் கருத்து. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இந்த 'இன் டைம்' பாடலைத் தம் குழுவினரை அமரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே 1973-இல் வந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் ஒரு பகுதிக்கு 'ஸ்லை' என்றே பெயரிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தின் நுணுக்கம் அறிந்தவர்களும் ஜாஸ் கலைஞர்களும் காதைக் கொடுத்த ஓர் இசையை, விற்பனைக்காக இறங்கிவந்தது என்று எப்படிச் சொல்வது?

விற்கவும் செய்தது, மறைக்கவில்லை. 'இஃப் யூ வான்ட் மீ டு ஸ்டே' அமெரிக்கப் பாடல்களின் பொதுத் தரவரிசைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அந்தப் பாடலின் பொருளைக் கவனியுங்கள். 1970-இல் மட்டும் ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 80 நிகழ்ச்சிகளில் 26-க்கு வராமல் போனவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், நான் இருக்க வேண்டுமென்றால் இன்று இருக்கிறேன், ஆனால் இருக்கும்போது நான் நானாகவே இருக்க வேண்டும் என்று பாடுகிறார். காதலியிடம் பேசுவது போன்ற பாடல்தான். எனக்கு அது எப்போதும் ரசிகர்களிடம் பேசுவதாகவே கேட்கிறது. பேஸ் ஒரே இறங்குவரிசையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மேலே குரல் முனகுகிறது, கீச்சிடுகிறது, இழுக்கிறது, எந்த இடத்திலும் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. போகத் தயாராக ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு நிற்பவரின் குரல் அது. 'ரயட்' ஆல்பத்தின் இருள் இங்கே கலைந்துவிடவில்லை. பாடுபவர் அதைப் பற்றிப் பேசும் தொனி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'தேங்க்ஃபுல் அண்ட் தாட்ஃபுல்' பாடலில், இத்தனைக்குப் பிறகும் உயிரோடு இருப்பதற்கு அவர் நன்றி சொல்கிறார். 'ஸ்கின் ஐ'ம் இன்' பாடலில், மீண்டும் ஒரு வாழ்க்கை வாய்த்தாலும் இதே தோலோடுதான் பிறப்பேன் என்கிறார். 1973-இன் அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கலைஞர் இப்படிப் பாடியதில் லேசானது எது?

'கே செரா செரா' விஷயத்தில்தான் உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். 1956-இல் ஹிட்ச்காக்கின் படத்தில் டோரிஸ் டே பாடிய அந்த மெட்டு நம் வீட்டுக்கும் வந்த ஒன்று. அடுத்த ஆண்டே மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆரவல்லி' படத்தில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று தமிழாகிவிட்டது. ஆகவே நம் காதுக்கு அது தாய் மகளுக்குச் சொல்லும் ஆறுதல். ஸ்லை அதை எடுத்துச் சென்ற இடம் வேறு. டெக்சாஸில் பிறந்து கலிஃபோர்னியாவின் வயேஹோவில் வளர்ந்த சில்வெஸ்டர் ஸ்டூவர்ட் (ஸ்லையின் இயற்பெயர்), தம் உடன்பிறந்தவர்களோடு தேவாலயத்தில் பாடித்தான் இசைக்குள் வந்தார். 1952-இலேயே அந்தப் பிள்ளைகள் ஒரு பக்திப் பாடலை இசைத்தட்டாகப் பதிந்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் ஆர்கன் மெதுவாக எழ, சரணங்களை ரோஸ் பாடுகிறார். பல்லவி வரும்போது ஸ்லையின் குரல் தொண்டை கிழிய மேலே ஏறுகிறது. நடப்பது நடக்கும் என்ற அந்தச் சொல், சின்ன வயதில் ஒரே பீடத்தின் முன் நின்று பாடிய அண்ணனும் தங்கையும் மீண்டும் பாடும்போது, தாலாட்டாக இல்லாமல் மன்றாட்டாக மாறிவிடுகிறது. குழு கலைந்துவிட்டது என்று நீங்கள் வருந்தும் அதே ஆல்பத்தில், குழுவுக்கும் முந்திய குடும்பம் இந்த ஒரு பாடலில் எஞ்சி நிற்கிறது. சரக்குத் தீர்ந்தவர் செய்கிற காரியமாக எனக்கு இது தோன்றவில்லை.

இப்போது உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் இடையே உள்ள புதிருக்கு வருகிறேன். ஸ்லைக்கு ஒரு பாடலை முடித்தோம் என்று விட்டுவிடும் வழக்கம் இல்லை. மறுபடி மறுபடி குரலை மாற்றுவார், கருவிகளின் அளவைக் கூட்டுவார், குறைப்பார். இதனால் 'ஃப்ரெஷ்' பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கலவைகள் நாடாக்களில் தங்கிவிட்டன. 1991-இல் அமெரிக்காவில் குறுந்தகடு வெளியிட்டபோது, 'இன் டைம்' நீங்கலாக மற்றப் பாடல்களுக்கெல்லாம் மாற்றுக் கலவைகள் தவறுதலாக இடம்பெற்றுவிட்டன. 2007 மறுபதிப்பில்தான் 1973-இன் கலவை திரும்பி வந்தது. மாற்றுக் கலவைகளில் ஐந்து அதன் இறுதியில் சேர்க்கப்பட்டன. அண்ணன் வாங்கிவந்தது அந்த 1991 பதிப்பாகவே இருக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக இரண்டு வெவ்வேறு ஆல்பங்களைப் பற்றி வாதிட்டிருக்கிறீர்கள். இருவர் சொன்னதும் அவரவர் கேட்டதற்கு உண்மையாக இருந்திருக்கும். உங்கள் பிரதியைக் குறை சொல்ல மாட்டேன். அதை விரும்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆலனுக்கும் நியூமார்க்குக்கும் நடுவே ஸ்லை அளந்து வைத்த இடைவெளிகளைத் தீர்மானித்தது அவர் 1973-இல் ஒப்புதல் தந்து வெளியிட்ட கலவை. அதைக் கேட்காமல் இந்த ஆல்பத்தின் மேல் தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஆல்பம் முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று நான் வாதிட மாட்டேன். 'கீப் ஆன் டான்சின்' 1968-இன் வெற்றிப் பாடலான 'டான்ஸ் டு த மியூசிக்'கைத் திரும்பிப் பார்க்கும் பாடல். அதில் பழைய உற்சாகத்தின் நிழல்தான் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குச் சிறு ஏமாற்றம் வருகிறது. அடுத்த ஆண்டு வந்த 'ஸ்மால் டாக்' ஆல்பத்தில் அந்தச் சோர்வு பரவிவிட்டது. உங்களுடைய 'இறங்கிவிட்டார்' என்ற சொல்லை அங்கே வையுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். 2025 ஜூனில் ஸ்லை தம் 82-ஆம் வயதில் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தையும் 'ரயட்' ஆல்பத்தையும் விரிவாகப் பேசிவிட்டு இதை ஒரு வரியில் தாண்டின. அந்த வருத்தம் தீராமல் இருந்த நான் என் கட்டுரையிலும் அதையே செய்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். நண்பரின் மறுபதிப்பை ஒரு மாலை இரவல் வாங்கி, நல்ல ஹெட்ஃபோனில் 'இன் டைம்' பாடலை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை இயந்திரத்தின் டிக் ஒலியை மட்டும் கையால் தட்டிக்கொண்டு பின்தொடருங்கள். இரண்டாம் முறை கையை நிறுத்தாமல் நியூமார்க்கின் அடிகள் எங்கெங்கே விழாமல் போகின்றன என்று பாருங்கள். மூன்றாம் முறை கையை எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கிரஹாம் இல்லாத குறை உங்களை வருத்தினால் மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.