பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் உட்காருகிறது, ஆனால் ஒன்றும் வருவதில்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

கடுவன் பூனை என்றால் பொறுக்க வேண்டாம். முதலில் கால்நடை டாக்டருக்கு போன் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். பெட்டையையும் இன்றே காட்டுவது நல்லதுதான், ஆனால் கடுவனுக்கு அவகாசம் ரொம்பக் குறைவு.

நான் பொறுத்துப் பார்த்தவன். என் கடுவனுக்கு அப்போது 4 வயது. காலையிலிருந்து தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். முக்கினான், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் மடியில் வந்து படுத்து குர்குர் என்றான். சரி, தேறிவிட்டான் என்று நினைத்தேன். வலியிலும் பூனை குர்குர் என்னும் என்பது அன்றுதான் தெரிந்தது. இரவில் வாந்தி. தூக்கினால் அலறல்.

சிறுநீர் அடைத்துக்கொண்டிருந்தது. கடுவனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகவும் குறுகல், மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்தாலே அடைந்துவிடும். வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்தில் தங்கும், பொட்டாசியம் ஏறும், அது இதயத்துடிப்பைக் குலைக்கும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி, 3 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

போகும் வழியில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

அடைப்பு இல்லாமல் சிறுநீர்ப்பையில் வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். கிருமியே இல்லாமல், வீடு மாறியது, புதுப் பூனை வந்தது போன்ற மனக்கலக்கத்தாலும் அது வரும். தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தால் 'பழிவாங்குகிறது' என்று திட்டுகிறோமே, பல நேரம் அதற்கு எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அடைப்பா அழற்சியா என்பதை வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒருமுறை அடைத்தால் மறுபடியும் அடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் இப்போது ஈர உணவுதான், தண்ணீர்க் கிண்ணமும் மூன்று இடத்தில் இருக்கிறது. தட்டைச் சுத்தம் செய்யும்போது, சிறுநீர் பட்டு உருண்ட மணல் கட்டிகளை எண்ணுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். அவனுக்கு வழக்கம் நாளைக்கு மூன்று பெரிய கட்டி. சின்னச் சின்னதாக ஏழெட்டு இருந்தாலோ, ஒன்றுகூட இல்லையென்றாலோ, டாக்டரிடம் தூக்கிப்போகக் கூடையை எடுத்துவிடுவேன்.