மாடல் ரேஸ் காரில் ஒட்டிய டெக்கால் வெள்ளியாக மினுங்குவது ஏன்?

நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய அச்சுப் படலமே டெக்கால். காய்ந்தபின் எழுத்தைச் சுற்றி வெள்ளியாக மினுங்கினால், படலத்துக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. படலம் மேடுகளின் மேல் மட்டும் அமர்கிறது; பள்ளங்களில் தங்கிய காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. ஈரமான பாலித்தீன் தாள் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், சிமெண்ட் சுவரில் அப்பாது, அதே கதைதான்.

1972-ஆம் ஆண்டின் லோட்டஸ் 72 என்ற ஃபார்முலா 1 ரேஸ் காரின் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடலில் மெல்லிய தங்கநிறக் கோடுகள். எவ்வளவு அழகான கார்! அதில் சிறு வெள்ளித் திட்டுகூடப் பளிச்சென்று தெரியும். எனவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி, முழுதாகக் காயவிட்டு, பிறகே ஒட்டுங்கள். வளைவுகளில் டெக்கால் மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் படலம் இளகிப் படியும். அப்போது சுருங்கினாலும் தொடாதீர்கள். பெரும்பாலும் காயும்போது தானே நேராகிவிடும்.

பசை போதவில்லை என்று எண்ணிப் பலர் கூடுதல் பசை தடவுகிறார்கள். பெரும்பாலும் குறை அடியிலுள்ள பரப்பில்தான் இருக்கிறது.