வௌவால் தொங்கும் மரத்தை வெட்டலாமா?

போன இதழில் இலுப்பை மரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வௌவாலைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க வௌவால்தான்.

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர் அய்யனார் கோயில் ஆலமரத்தில் பெரிய வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்குகின்றன. நிபா செய்தி வந்ததிலிருந்து, வேட்டுப் போட்டு விரட்ட வேண்டும், முடியாவிட்டால் மரத்தையே வெட்ட வேண்டும் என்கிறார்கள் இளவட்டங்கள். சாமி குத்தம் ஆகிவிடும் என்கிறார்கள் பெரியவர்கள். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

பெரியவர்கள் பேச்சைக் கேளுங்கள் அம்மா. மரத்தில் கை வைக்க வேண்டாம்.

இளவட்டங்களின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்து உயிர்கள் போயின. பழந்தின்னி வௌவாலின் உடம்பில் அந்த வைரஸ் இருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் மரத்தில் தொங்குகிற வௌவாலிடமிருந்து அது தானாக வந்து நம்மைத் தொற்றிக்கொள்வதில்லை. பெரும்பாலும் அதன் எச்சிலோ சிறுநீரோ பட்டதைத் தின்னும்போதோ குடிக்கும்போதோதான் வௌவாலிடமிருந்து நமக்கு வருகிறது. வங்கதேசத்தில் திறந்த கலயத்தில் இறக்கிய ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வந்தது அப்படித்தான். அதனால் கடிபட்ட பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பதநீர் இறக்கினால் கலயத்துக்கு மூடி போடச் சொல்லுங்கள். மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் மூடி வையுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். வேட்டுப் போட்டால் ஒரே மரத்தில் இருக்கும் கூட்டம் சிதறி, நாலு ஊர்த் தோப்புகளில் போய் உட்காரும். அலைக்கழிக்கப்பட்ட விலங்கின் உடம்பிலிருந்துதான் கிருமி அதிகம் வெளியேறக்கூடும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பெரிய வௌவால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள். முதல் சில வாரங்கள் தாயின் நெஞ்சைக் கவ்விக்கொண்டே குட்டி தொங்கும். அந்தச் சமயத்தில் வேட்டுப் போட்டால் குட்டிகள் உதிரும்.

காலையில் அந்த மரத்தடிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கட்டை விரல் அளவில் காய்ந்த சக்கைகள் கிடக்கும். பழத்தை வாய்க்குள் வைத்து மேலண்ணத்தோடு அழுத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டு, நாரைத் துப்பியிருக்கும். ஒரு சக்கையைக் குச்சியால் திருப்பிப் பார்த்தால் அண்ணத்தின் வரிகள் அச்சாகப் பதிந்திருப்பது தெரியும். ஆல், அத்தி, இச்சி விதைகள் பொடியானவை. அவற்றில் நிறைய, சாற்றோடு வயிற்றுக்குள் போய், சீக்கிரமே எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதற்குள் வௌவால் எங்கேயோ பறந்து போயிருக்கும். இலுப்பைக்கும் இதே உதவிதான். அதன் சதைப்பற்றான பூவைத் தின்ன இரவில் வரும். பழம் பழுத்ததும் கவ்விக்கொண்டு போய், வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். தாய்மரத்தின் நிழலிலேயே விழுகிற கொட்டையை விட இதற்குப் பிழைக்க வழி அதிகம். மேலூர், நத்தம் பக்கத்துக் கோயில் காடுகளில் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் மரங்களை நினைத்துப் பாருங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் புளியங்குளத்து ஆலமரத்து வௌவால்களை முனி காக்கிறது என்று சொல்லி ஊரே பாதுகாத்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் அய்யனாரும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். சட்டமும் இப்போது உங்கள் பக்கம். வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, யாரும் கொல்லலாம் என்ற பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

கம்பத்திலிருந்து ஒரு விவசாயி: பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். பழுக்கிற நேரத்தில் வௌவால் புகுந்து கொத்துக் கொத்தாக நாசம் செய்கிறது. என்ன வழி?

நஷ்டம் உங்களுடையது ஐயா, காட்டின் அருமையைச் சொல்லி அதை ஈடு செய்ய முடியாது. வலைதான் வழி. ஆனால் மெல்லிய நைலான் வலையைத் தொங்கலாகப் போட்டால் வௌவால் சிறகு சிக்கிச் சாகும். ஆந்தையும் பாம்பும்கூட மாட்டும். விரல் நுழையாத கண்ணுள்ள, தடித்த நூல் வலையாக வாங்கி, பந்தலுக்கு மேலேயும் பக்கத்திலும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பழத்துக்கும் வலைக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வௌவால் ஆராய்ச்சி செய்ய ஆசை. அதற்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்கிறார்கள். உண்மையா சார்?

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உலகம் கவனித்த வௌவால் ஆராய்ச்சி நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் இலைமூக்கு வௌவால்களைக் குகைக்குள் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே எட்டாத இடம். சூரியன் மறைந்தது கூண்டில் இருக்கிற வௌவாலுக்கு எப்படித் தெரியும்? குகையில் சுதந்திரமாகத் திரிகிற வௌவால்கள் மாலையில் கிளம்பி விடியலில் திரும்புகின்றன. அந்தப் போக்குவரத்தை வைத்தே கூண்டு வௌவால் தன் உடல் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தால் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப் போனது. 1981-ல் இது வெளியானது. ஒரு விலங்கின் நேரத்தை அதன் கூட்டமே திருத்துகிறது என்பதை நம் ஊர்க் குகையில் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் மேகமலைக் கதை. 1948-ல் அங்கே காப்பித் தோட்டத்தில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய், சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்ற சீட்டோடு பெட்டியில் கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று சொல்லி, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அந்த வௌவால் மறுபடி கண்ணில் பட்டது 1993-ல்தான்.

உங்களுக்கு முதல் வேலை தருகிறேன். உங்கள் தாலுகாவில் எந்தெந்த மரத்தில், எந்தெந்தப் பாறை இடுக்கில், எந்தக் கோயில் மண்டபத்தில் வௌவால் அடைகிறது என்று எழுதி வையுங்கள். அடைவிடத்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நுழைய வேண்டாம். வெளியே நின்று, பொழுது சாயும்போது கிளம்புகிறவற்றை எண்ணினால் போதும். மாதம் ஒரு தடவை, ஒரு வருஷம் விடாமல் செய்யுங்கள். அதோடு உங்கள் பேராசிரியரைப் போய்ப் பாருங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: வௌவால் கறி இளைப்புக்கு நல்லது என்கிறார்களே?

இல்லை. ஆஸ்துமாவை அது குணமாக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பிடித்து அறுப்பவருக்கு நோய் தொற்றும் ஆபத்துதான் உண்டு. அரசு மருத்துவமனைக்குப் போய் இன்ஹேலர் வாங்கிக்கொள்ளுங்கள்.