டேப்போடு வாசித்தால் கரோக்கியா?

அன்புள்ள சார்,

குரோனோஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழு வாசித்த ‘டிஃபரன்ட் டிரெய்ன்ஸ்’ கேட்டேன். வாசிப்பது நான்கு பேர். ஆனால் ரயில் சத்தம், யாரோ பேசும் குரல், போதாததற்கு இன்னும் சில வயலின்கள் எல்லாம் டேப்பில் ஓடுகின்றன. இதற்கும் கரோக்கிக்கும் என்ன வித்தியாசம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கரோக்கியில் டேப் பாடகருக்குப் பக்கவாத்தியம். இங்கே நால்வர்தான் டேப்புக்குப் பக்கவாத்தியம். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது, கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1988-ல் இதை எழுதினார். பெற்றோர் பிரிந்துவிட்டதால் 1939 முதல் 1942 வரை ஆயாவுடன் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ரயிலில் போய்வந்த பையன் அவர். யூதர். அதே வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் தன்னை எந்த ரயிலில் ஏற்றியிருப்பார்கள் என்ற நினைப்பிலிருந்து வந்த இசை இது. ஆயாவின் பேச்சு, ஓய்வுபெற்ற ஒரு ரயில் போர்ட்டரின் பேச்சு, வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவர்களின் பேச்சு ஆகியவற்றிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, பதிவான ஒலியை வேண்டிய இடத்தில் திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் என்ற கருவியில் ஏற்றினார். ஒவ்வொரு துண்டிலும் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து, அதையே ஸ்வரமாக எழுதிக்கொண்டார்.

தொடக்கத்தில் ஆயா ‘ஃப்ரம் சிகாகோ டு நியூயார்க்’ என்கிறாரே, அந்த இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) அந்த வாக்கியத்தை முதலில் வாசித்துவிடும், குரல் பிறகுதான் வரும். பெண்கள் பேசினால் வயோலா, ஆண்கள் பேசினால் அதைவிடக் கனத்த குரலுள்ள செல்லோ. ஆள் மாறினால் பேச்சின் வேகம் மாறும். அதனால் இசையின் காலப்பிரமாணமும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். இரண்டாம் பகுதியில் ஐரோப்பிய ரயில்களின் விசில் வெட்டி வெட்டி வருகிறது, கூடவே வான்தாக்குதல் சைரன். முதல் பகுதியில் நீளமாக இழுத்துக் கூவிய அமெரிக்க விசிலை மறந்துவிடாமல் இதைக் கேட்க வேண்டும்.

நீங்கள் சொன்ன ‘இன்னும் சில வயலின்கள்’ வேறு யாரோ வாசித்தவை அல்ல. நால்வரும் முன்கூட்டியே பதிவு செய்த தங்கள் வாசிப்பின் மேல்தான் மேடையில் மறுபடி வாசிக்கிறார்கள்.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பீத்தோவன் வாசிக்கும்போது முதல் வயலின் அரை நொடி தயங்கினால் மற்ற மூவரும் கூடத் தயங்குவார்கள். நால்வர் வாசிப்பின் சுகமே அதுதான். டேப் யாருக்காகவும் தயங்காது. இந்த இசைக்கு அந்த இரக்கமின்மை பொருந்துகிறது, ஏனென்றால் அந்த ரயில்களும் யாருக்காகவும் நிற்கவில்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டுக் டேப்போடு தாளம் தப்பாமலிருக்கக் காதில் கிளிக் சத்தத்தை மாட்டிக்கொண்டு வாசிக்கிற எல்லாக் குழுக்களுக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. அவர்களில் பலரிடம் உங்கள் கேள்வியை அப்படியே கேட்கலாம்.

டேப் இல்லாத மின்னிசை வேண்டுமானால் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்பின் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ (1970) கேளுங்கள். வியட்நாம் போர்க்காலத்தில் எழுதியது. வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் 1973-ல் இதை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் குரோனோஸையே தொடங்கினார். வாத்தியங்களுக்கு ஒலிபெருக்கம் உண்டு. தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுப்பார்கள். தயங்குவதும் முந்துவதும் முழுக்க நால்வர் கையில்.