ஓகஸ்ட் விடுமுறையில் ஏறிப் பார்க்கக்கூடிய மலைகள்

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு நாட்கள் மலையகம் செல்ல இருக்கிறோம். நானும் மனைவியும், 14 வயது மகனும், 9 வயது மகளும், முழங்கால் வலியுள்ள 63 வயது அம்மாவும் வருகிறோம். சிவனொளிபாத மலையில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. ஆனால் முன்பு ஒருமுறை இதே மாதத்தில் நுவரெலியா சென்றபோது மூன்று நாட்களும் பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. இம்முறை எங்கே செல்வது, எப்படி ஆயத்தமாவது?

பதில்: ஓகஸ்டில் சிவனொளிபாத மலை வேண்டாம். ஹப்புத்தளை, எல்ல ஆகிய ஊர்கள் இருக்கும் ஊவாப் பக்கத்துக்குச் செல்லுங்கள். சென்ற முறை நீங்கள் ஏமாந்ததற்கும் இந்த விடைக்கும் காரணம் ஒன்றுதான்: காற்று.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில், அதாவது இரத்தினபுரி, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கங்களில் மழையாகக் கொட்டிவிட்டு, நீர் வற்றிய நிலையில் மலைத்தொடரைக் கடந்து ஊவாப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுவதால் அதில் எஞ்சியிருக்கும் முகிலும் கரைகிறது. கிழக்குக் கரையில் வாழும் உங்களுக்கு இந்தக் காற்று புதிதல்ல. ஆனி, ஆடி மாதங்களில் உதட்டை வெடிக்கச் செய்யும் கச்சான் காற்றேதான் அது. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் பறிக்கப்படும் கொழுந்தில் சேர்வதற்கும், அந்த மாதங்களில் ஊவா மலைகளிலிருந்து தொலைதூரம் தெளிவாகத் தெரிவதற்கும் இந்த உலர்காற்றே காரணம். மேற்குப் பக்கத்து டிம்புள்ளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அந்தப் பக்கத்து மலைகளில் ஏறுவதற்கும் அதுவே நல்ல பருவம். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் செல்வது என்ற ஐயம் எழும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கேட்டாலே போதும் என்று நான் சொல்வதுண்டு.

சிவனொளிபாத மலையின் யாத்திரைப் பருவம் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி, வழக்கமாக மே மாதத்தில் வரும் வெசாக் பௌர்ணமியுடன் முடிகிறது. அதன்பின் படிகளில் மின்விளக்குகள் எரிவதில்லை, தேநீர்க் கடைகள் மூடப்பட்டுவிடும், பருவ காலத்தில் உச்சியில் இருக்கும் சமன் தெய்வத்தின் சிலையும் பெல்மதுளை விகாரைக்குக் கொண்டு செல்லப்பட்டுவிடும். மழையும் அட்டையும் வேகக் காற்றும் உள்ள இருட்டில், நல்லத்தண்ணிப் பக்கமாக 5,000க்கும் மேற்பட்ட படிகளை ஏறி 2,243 மீற்றர் உயரத்தை அடைந்த பிறகு வெள்ளை முகிலுக்குள் நின்றுவிட்டுத் திரும்புவதற்கான வாய்ப்பே அதிகம். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை பருவ காலத்திலும் யோசிக்க வேண்டிய மலை அது. ஏறுவதை விட அத்தனை படிகளும் இறங்குவதுதான் முழங்காலுக்கு வேதனை. பிள்ளைகளுடன் மட்டும் செல்வதானால் ஜனவரி அல்லது பெப்ரவரியில், பௌர்ணமியும் வார இறுதியும் அல்லாத ஒரு நாளில் செல்லுங்கள். உதயத்துக்குப் பின் மேற்குப் பக்கம் திரும்பி நின்றால் மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக விழுவதைப் பார்க்கலாம். மலை எந்த வடிவில் இருந்தாலும் மிக நீண்ட நிழலின் நுனி தொலைவில் ஒடுங்கித் தெரியும் என்பதால் உயர்ந்த தனிமலைகள் பலவற்றிலும் இக்காட்சி உண்டு. அதனால் அதன் அழகு எள்ளளவும் குறைவதில்லை.

மாதத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது மணி. வெயில் ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மலைமுகத்தைத் தழுவி மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிறது. ஹப்புத்தளையில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் இது நடந்துவிடுவது வழக்கம். விடுதியில் காலை உணவை முடித்துக்கொண்டு ஆறுதலாகப் புறப்படும் குடும்பங்கள்தான் மலையகத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்ற கதையுடன் ஊர் திரும்புகின்றன. ஓகஸ்டில் சூரியன் ஆறு மணியளவில் உதிக்கும். அப்போது நீங்கள் மேலே நிற்க வேண்டும், அல்லது உச்சியை நெருங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்கு மிகவும் பொருத்தமானது ஹப்புத்தளைக்கு அருகேயுள்ள லிப்டன் இருக்கை. சுமார் 1,970 மீற்றர் உயரத்திலுள்ள இந்த முனையிலிருந்து தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் தமது தோட்டங்களைப் பார்வையிட்டார் என்பார்கள். அவர் கையில் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் சிலை ஒன்று அங்கே உண்டு. 1890இல் கட்டப்பட்ட தம்பேத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தார்ப்பாதை தேயிலை மலைகளை வளைந்து வளைந்து மேலேறுகிறது. அம்மாவுக்கு இங்கே ஒரு தடையும் இல்லை, ஏனெனில் முச்சக்கர வண்டி உச்சிக்கு அருகிலேயே கொண்டுபோய் விடும். முதல் நாள் மாலையிலேயே வண்டியைப் பேசி ஒழுங்கு செய்து, அதிகாலை நான்கரைக்கெல்லாம் ஹப்புத்தளையிலிருந்து புறப்படுங்கள். தெளிவான காலையில் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் தகடுபோல் மின்னுவதும், அதற்கப்பால் தென்கரையின் கோடும் தெரியும். ஏறும்போது எல்லோரும் வண்டியில் சென்று, திரும்பும்போது அம்மாவை மட்டும் வண்டியில் அனுப்பிவிட்டு மற்ற நால்வரும் நடந்து இறங்குங்கள். சரிவு மிதமானது, வழியும் தவறாது, 9 வயதுப் பிள்ளைக்கும் சலிக்காது.

இறங்கும் நேரத்தில் கொழுந்து பறிப்பு தொடங்கியிருக்கும். இடுப்பில் படங்கு என்னும் தடித்த விரிப்பைச் சுற்றி, தலையிலிருந்து முதுகுக்குக் கொழுந்துப் பையைத் தொங்கவிட்ட பெண்கள் நிரையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிந்தால்தான் அன்றைய வேலை கணக்கில் சேரும் என்பதால் அவர்களின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. நிரைக்குள் புகுந்து படம் எடுப்பதற்காக அவர்களை நிறுத்தி வைக்காதீர்கள். கேட்டு எடுப்பதில் தவறில்லை, மறுத்தால் அத்துடன் விட்டுவிடுவதே முறை. வளைவுப் பாதையைச் சுருக்க நினைத்துத் தேயிலைக்குள் குறுக்கு வழியில் பிள்ளைகளை இறங்க விடுவதும் கூடாது. செடிகளுக்கிடையில் வெட்டியிருக்கும் கான்கள், அதாவது நீர் வடியும் வாய்க்கால்கள், இலைகளால் மூடப்பட்டு வெளியே தெரியாமல் இருக்கும். கால் உள்ளே போனால் கணுக்கால் மடங்கிவிடும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைத் தறித்துக் குறைத்த, மலையாக இருந்தால் கெண்டைக்கால் உயரத்தில் சீவிய கட்டைகள் ஈட்டிமுனைகளாக நிற்கும். பழகிய தொழிலாளர்களே பார்த்துப் பார்த்துத்தான் அங்கே கால் வைக்கிறார்கள்.

குளவியைப் பற்றி வெளியூரார் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டங்களில் குளவிக்கொட்டு ஆண்டுதோறும் ஆட்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறது, உயிர்களையும் எடுத்திருக்கிறது. மரத்திலோ பாறையிடுக்கிலோ கூடு தெரிந்தால் சத்தமின்றி விலகிச் செல்லுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். கல்லெறியும் ஆசை மகனுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைந்து வந்துவிட்டால் கைகளை வீசாமல் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு வேகமாக அப்பால் செல்ல வேண்டும். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தடவிப் பொழுது போக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

எல்லவில் இரு தேர்வுகள் உள்ளன. குட்டி சிவனொளிபாத மலை 1,141 மீற்றர்தான்; ஊரே ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருப்பதால் உண்மையில் ஏற வேண்டியது நூறு மீற்றரளவுதான். தேயிலைக்கு நடுவே நல்ல பாதை, கடைசியில் படிகள். படி தொடங்கும் இடம்வரை அம்மாவும் வரலாம். முதல் முனையிலேயே எல்லப் பாறையும் தெற்கே திறக்கும் பள்ளத்தாக்கும் முழுதாகத் தெரியும். அதற்கப்பால் உள்ள முனைகளுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை குறுகலானது, இரு பக்கமும் சரிவு. ஓகஸ்ட் காற்றில் மகளை அங்கே அழைத்துச் செல்ல நான் சம்மதிக்க மாட்டேன். இந்த மலை மிகவும் பிரபலமாகிவிட்டதால் எட்டு மணிக்குப் பிறகு நெரிசலும் ஏற்படும்.

எல்லப் பாறை நீங்களும் மகனும் மட்டும் செல்லக்கூடியது. போய்வர நான்கு மணித்தியாலம் வரை எடுக்கும். கடைசிப் பகுதி மர வேர்களும் உருளும் சரளைக் கற்களும் நிறைந்த செங்குத்து. பெரும்பாலானோர் எல்ல புகையிரத நிலையத்திலிருந்து தண்டவாளத்தின் மீதே நடந்து செல்கிறார்கள். சட்டம் அதைத் தடுக்கிறது, வளைவுகளில் வரும் புகையிரதம் கடைசி நொடி வரை தெரியாது, ஒதுங்க இடமில்லாத பாலங்களும் உண்டு. கித்தல் எல்ல வரை முச்சக்கர வண்டியில் சென்று, தங்குமிடத்துக்காரர் ஏற்பாடு செய்து தரும் ஊர்க்காரர் ஒருவருடன் அங்கிருந்து ஏறுங்கள். வழியில் "நீங்கள் தவறான பாதையில் வந்துவிட்டீர்கள்" என்று கூறிக் கூட வந்து, பின்னர் பணம் கேட்பவர்கள் உண்டு. முன்கூட்டியே கூலி பேசிய ஒருவர் உடன் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவையும் பலர் பரிந்துரைப்பார்கள். அந்த விளிம்பிலிருந்து ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு நிலம் விழுந்து கிடக்கும் காட்சிக்கு நிகரில்லைதான். ஆனால் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றரைத் தாண்டும், அது மலைத்தொடரின் முதுகிலேயே இருப்பதால் தென்மேற்குக் காலத்தில் தூறலும் மூட்டமும் அங்கும் எட்டிப் பார்க்கும், அம்மாவால் நடக்கவும் முடியாது. ஜனவரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாட்டின் மிக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பிதுருதலாகலவில் நடந்து ஏற அனுமதியில்லை.

புறப்படும் முன் பாதைகளின் இன்றைய நிலையைக் கட்டாயம் விசாரியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வந்தபோது மலையகத்தின் ஏராளமான இடங்களில் மண் சரிந்தது. அதற்கு முன் இணையத்தில் எழுதப்பட்ட வழிக்குறிப்புகளையும் தொலைபேசி வரைபடங்களையும் அப்படியே நம்பக் கூடாது. ஓகஸ்டில் ஊவாவில் மழைப் பயம் குறைவு என்றாலும் ஓர் இரவு அடைமழை பெய்திருந்தால் மறுநாள் மலையேற்றத்தைக் கைவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் பாருங்கள். இந்த மாதத்தில் அதைவிடப் பெரிய கவலை தீ. மலைச்சரிவுகளின் புல் காய்ந்திருக்கும், ஒரு பீடித் துண்டு போதும், காற்று மற்றதைச் செய்துவிடும். உச்சியில் தேநீர் கொதிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலில் நிரப்பிக்கொண்டு செல்லுங்கள்.

உடையைப் பற்றிச் சொல்வதானால், ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். மட்டக்களப்பில் விடியற்காலை 26 பாகை என்றால் லிப்டன் இருக்கையில் 13 அளவில் இருக்கும், காற்றடித்தால் அதைவிடக் குளிரும். தடித்த ஒரே சுவெட்டரைவிட, பருத்தி உடைக்கு மேல் மெல்லிய சுவெட்டரும் அதற்கு மேல் காற்றுப் புகாத மழை அங்கியும் போட்டால் நடக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வியர்வையில் நனைந்த உடுப்புடன் உச்சியில் நிற்பதுதான் பிள்ளைகளுக்கு நடுக்கத்தைக் கொடுக்கும்; ஆளுக்கொரு மாற்று மேலுடுப்பு பையில் இருக்கட்டும். புதிதாக வாங்கிய சப்பாத்தை அணிந்து வராதீர்கள், இரண்டு கிழமையாவது ஊரில் நடந்து பழகியதாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு தலைவிளக்கு தேவை. தொலைபேசி வெளிச்சம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உயரத்துக்குச் சற்று மேலான ஒரு கம்பு நல்லது. இறக்கத்தில் கம்பை முதலில் ஊன்றி, வலியுள்ள காலை அடுத்ததாக வைத்து, நல்ல காலைக் கடைசியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முந்த வேண்டும்.

நாட்களைப் பொறுத்தவரை, செங்கலடியிலிருந்து மஹாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் வீதியே உங்களுக்கு நேர் வழி. முதல் இரண்டு இரவுகளும் ஹப்புத்தளையில் தங்கினால், ஒரு காலை மூடிக்கிடந்தாலும் மறுகாலை மிஞ்சும். இரண்டாம் நாள் லிப்டன் இருக்கை தெளிவாகக் கிடைத்துவிட்டால் மூன்றாம் நாள் காலையிலேயே எல்லவுக்கு மாறிவிடலாம். நான்காம் நாள் விடியலில் குட்டி சிவனொளிபாத மலையை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குள் ஊர் நோக்கிப் புறப்படுங்கள். மஹாஓயாப் பக்கம் மாலையில் யானைகள் வீதிக்கு வரும் என்பதால் இருட்டும் முன் அந்தக் காட்டுப் பகுதியைக் கடந்துவிட வேண்டும். நேரத்தோடு வந்துவிட்டால் அங்குள்ள வெந்நீர் ஊற்றில் சற்று நேரம் நின்று, அம்மாவின் முழங்காலுக்குச் சுடுநீர் ஊற்றிக்கொண்டும் வரலாம்.